அட்ஜஸ்ட் வேலைக்கு வராத நாள்

முன்னொரு காலத்தில் அட்ஜஸ்ட் என்றொரு ஆங்கிலச் சொல், திருகாணியைக் கொஞ்சம் முடுக்கவும் தளர்த்தவும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. ரேடியோக் கடையிலும் தையல் மெஷினிலும் மானமாகப் பிழைத்துக்கொண்டிருந்த அதை நம்மவர்கள் சும்மா விடுவார்களா?

மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளைத் திணிக்க அதைக் கூப்பிட்டார்கள். பந்தியில் சாம்பார் தீர்ந்தால் ரசத்தோடு அதுதான் போய் நின்றது. மேஜைக்கடியில் கையை நீட்டிய அதிகாரியும் முதலில் அதைத்தான் அனுப்பினார். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு வாழச் சொல்லவும் அதே சொல்தான்.

ஆரம்பத்தில் அதற்குத் தலைகால் புரியவில்லை. போகப் போகத்தான் ஒன்றைக் கவனித்தது. தன்னைச் சொல்கிறவர் ஒருநாளும் நகர்வதில்லை. கேட்கிறவர்தான் நகர்கிறார். அன்றிலிருந்து அதற்குத் தன்மேலேயே எரிச்சல்.

அப்படியிருக்க, ஒரு நிச்சயதார்த்தம். பெண் மதிவதனி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலையை விடமாட்டேன் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டாள். அப்போது தலையாட்டிய மாப்பிள்ளையின் அம்மா கனகவல்லி, இப்போது தாம்பூலத் தட்டை மாற்றப் போகும் நேரமாகப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். சபை நடுவில் எந்தப் பெண் மறுத்துப் பேசுவாள் என்ற தைரியம்.

"ஏறி வா, அந்தப் பொண்ணுகிட்டப் போகணும்" என்று அட்ஜஸ்டைக் கூப்பிட்டது அவருடைய நாக்கு.

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொல்லாம இருக்கத்தானே உன்னைக் கூப்பிடுறோம்."

"அப்ப நான் வரல. உள்ள இருக்கிறதை நீயே சொல்லிக்க."

நாக்கு கெஞ்சியது, மிரட்டியது. அட்ஜஸ்ட் அசையவில்லை. எல்லோரும் வாயையே பார்க்க, கனகவல்லிக்கு வேறு வழியில்லாமல் உள்ளது உள்ளபடி வந்து விழுந்தது.

"வேலையை விட்டுடும்மா. என் பையன் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவமாட்டான், எனக்கும் முடியல. வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

சொன்னவருக்கே அது கேட்க நன்றாக இல்லை. மாப்பிள்ளை குனிந்து வேட்டிக் கரையைப் பார்த்தார்.

அட்ஜஸ்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து தன்னைக் காதால் மட்டுமே கேட்டுப் பழகிய ஒருத்தி எதிரில் நிற்பதைப் பார்த்தது. யாரும் கூப்பிடாமலே போய் அவள் நாக்கில் ஏறிக்கொண்டது.

மதிவதனி மாப்பிள்ளையைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "வேலையை விடமாட்டேங்க. பாத்திரத்தை நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் கழுவிக்குங்க."

அது ஒரு கெட்ட வார்த்தை என்பது அந்தச் சபைக்கு அன்றுதான் தெரிந்தது.