பந்தைப் பிடுங்கிக் கொடுப்பவன்

கடற்கரை ஊரின் கால்பந்து அணிக்குச் சட்டையும் பூட்ஸும் வாங்கித் தருகிறவர் விசைப்படகு முதலாளி எட்வின். திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் பாதி முடிந்தும் கோல் விழவில்லை. இடைவேளையில், நடுக்களத்தில் தடுத்து ஆடும் சிலுவையை அவர் பிடித்துக்கொண்டார்.

“லேய், நடுவுலயே மேய்ஞ்சிட்டு நிக்க! இனி அவங்க கோல்கிட்டப் போய் நில்லு. கோல் போடாட்டா அடுத்த வருசம் உனக்குச் சட்டை கிடையாது.”

“சரி முதலாளி. நீங்களா சொல்லாம திரும்பி வரமாட்டேன்.”

சொன்னபடியே சிலுவை, கோல் போடுகிற ததேயுவின் பக்கத்தில் போய் நின்றான். நடுக்களம் திறந்த வீடாயிற்று. எதிரணி அலையலையாக வந்தது. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது ஊரே நெஞ்சில் கைவைத்தது. ததேயுவுக்கோ பந்து கண்ணில் படவே இல்லை.

முதலாளி கோட்டோரம் ஓடிவந்து கத்தினார். “ததேயுக்கு ஏம்ல பந்து வரல்ல?”

“பிடுங்கிக் குடுக்கிறவன் இங்கல்லா நிக்கான், முதலாளி!” என்றான் சிலுவை.

கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு முகம் சிவந்தது. “திரும்பிப் போ லேய்!”

சிலுவை ஓடினான். எதிரணிக்காரனின் காலிலிருந்து பந்தைப் பறித்து, நிமிர்ந்து பார்த்து, ததேயுவுக்கு நீளமாக அனுப்பினான். கோல்!

ஆட்டம் முடிந்ததும் ஊர் ததேயுவைத் தோளில் தூக்கியது. முதலாளி சிலுவையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“லேய், அடுத்த வருசம் நீ அவங்க கோல்பக்கம் போனா, அந்தச் சட்டையை நானே உருவிருவேன்!”