சுண்ணாம்பில் வரைந்த சதுக்கம்

"ஆறு மாசத்துல பதினோரு வரைபடம் போட்டுட்டேன்," என்றார் வில்வநாதன். "எதையும் நல்லா இருக்குன்னு நீங்க சொல்லலை. என்ன தப்புன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க."

மரகதம் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்? எனக்குத் தெரியலைன்னுதான் சொன்னேன்."

வில்வநாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மரகதத்துக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அவர் மரகதத்தை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இருபத்தாறு வருடம் பாலம் கட்டியவர் வில்வநாதன். கடைசியாகக் கட்டிய மேம்பாலத்தின் சரிவு, ஒரு தெருவைச் சுவர்போல இரண்டாக்கிக்கொண்டு இறங்கியது. திறப்பு விழா அன்று கூடையோடு நின்ற ஒருவர் அவரிடம் கேட்டார்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எப்படிங்க போறது?"

வில்வநாதன் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு வழியே அவர் போடவில்லை.

மறுவாரம் வேலையை விட்டார். ஊர்களுக்குச் சதுக்கமும் பூங்காவும் வடிவமைக்கிற மரகதத்தைத் தேடி வந்தார்.

அவர்கள் இருந்த நகரத்தில் ரயில் நிலையத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரி இருந்தது. அதை இடித்துவிட்டார்கள். முற்றத்தில் நின்ற விளக்குக் கம்பம் ஒன்றுதான் மிச்சம். இரண்டு ஏக்கர் வெறும் மண். அங்கே ஒரு சதுக்கம் வேண்டும் என்று மாநகராட்சி கேட்டிருந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுகிற மாதிரி அதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இன்னும் இருபது நாளில் வரைபடம் வராவிட்டால் இடத்தைக் கார் நிறுத்த விட்டுவிடுவார்கள்.

வில்வநாதன் பதினோராவது வரைபடத்தை விரித்தார். நடுவில் உயரமான பீடம். பீடத்தின் மேல் பாய்ந்து வரும் நான்கு குதிரைகள். சுற்றிலும் தரையில் பதித்த வண்ண விளக்குகள். பக்கத்தில் ஒரு நீரூற்று. குதிரைகளைப் பார்த்தபடி வரிசை வரிசையாகப் பெஞ்சுகள்.

"இதை எங்கே உட்கார்ந்து வரைஞ்சீங்க?" என்று மரகதம் கேட்டார்.

"மேஜையிலதான்."

"மேஜை அங்கே இல்லையே."

வில்வநாதன் வரைபடத்தைச் சுருட்டினார்.

"சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கோங்க. அங்கேயே போய் வரைங்க. முழு அளவில."

வரைய மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் காலையில் இரண்டு ஏக்கர் செம்மண்ணில் ஒரு வெள்ளைச் சதுக்கம் கிடந்தது. சுவர் இல்லை, தண்ணீர் இல்லை. கோடுகள் மட்டும்.

ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு பெண் நீரூற்றின் கோட்டருகே வந்ததும் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். ஈரத்தில் கால் வைத்துவிடக் கூடாது என்பதுபோல் சுற்றிக்கொண்டு போனாள். ஒருவர் பெஞ்சின் கோட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தயிர் விற்கிறவர் பீடத்தின் முன்னால் நின்று, இன்னும் வராத குதிரைகளை அண்ணாந்து பார்த்தார்.

வில்வநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது.

சாயங்காலத்துக்குள் கோடுகள் பல இடங்களில் அழிந்திருந்தன. ரயில் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்கு எல்லாரும் குறுக்காகவே நடந்திருந்தார்கள். அவர்கள் காலில் ஒட்டிய சுண்ணாம்பு மைதானத்தோடு நிற்கவில்லை. வெள்ளைப் பாதங்கள் வெற்றிலைக் கடை வரைக்கும் போயிருந்தன. சில, பிளாட்பாரத்தில் ஏறி, ரயில் நிற்கிற இடத்தில் முடிந்தன.

மறுநாள் விடியற்காலை வந்து கோடுகளைத் திரும்பப் போட்டார். அடுத்த நாளும் போட்டார்.

மூன்றாம் நாள் மரகதம் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"அழிஞ்சதைச் சரி பண்றேன், டீச்சர்."

மரகதம் கை நீட்டினார். பொடி மூட்டையை வாங்கித் தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டார். கிளம்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வில்வநாதனுக்கு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. கோடுகள் கரைந்துகொண்டே வந்தன. எங்கே கரையவில்லையோ அங்கே யாரும் போகவில்லை என்று தெரிந்தது. பெஞ்சு வரிசைகள் போட்டபடியே இருந்தன.

விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போட்டிருந்த பீடத்தின் வட்டம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. பகலில் யாரும் அதற்குள் போகவில்லை. காலையில் பார்த்தால் மொத்தமும் மிதிபட்டிருந்தது.

அன்று பொழுது சாய்ந்த பிறகும் அவர் இருந்தார்.

கம்பத்து விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். பதினாலு பேர். தையல்காரர், மெக்கானிக் உடுப்பில் ஒருவர், இரண்டு கல்லூரிப் பெண்கள், தலை நரைத்த தம்பதி. விளக்கின் கீழ் வட்டமாக நின்றார்கள். கைகள் எழுந்தன.

காது கேளாதவர்கள்.

மஞ்சள் வெளிச்சத்தில் இருபத்தெட்டுக் கைகள் மலர்ந்தன, மடங்கின, ஒன்றையொன்று துரத்தின. யாரோ ஏதோ விளையாட்டாகச் சொன்னார். தோள்கள் குலுங்கின. தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி பெரும் இரைச்சலோடு போனது. அவர்கள் பேச்சில் ஒரு சொல்கூடத் தடைபடவில்லை.

வில்வநாதன் கனவில் நடப்பவர்போல அருகே போனார்.

அவர்களில் சற்குணம் என்ற பெண் அவரைக் கவனித்தாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பெயரை எழுதிக் காட்டிவிட்டு, கீழே எழுதினாள்.

'கோடு போட்டது நீங்கள்தானா? இங்கே என்ன வரப் போகிறது?'

அவர் எழுதினார். 'பீடம். அதன் மேல் நான்கு குதிரைகள்.'

'விளக்கு?'

'இதை எடுத்துவிடுவார்கள். தரையில் வண்ண விளக்கு வரும்.'

சற்குணம் திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னாள். கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அதன் பிறகுதான் அந்த இடம் நிசப்தமானது.

அவள் மறுபடியும் எழுதினாள். 'குதிரைகள் அழகாக இருக்கும். நாங்கள் வேறு விளக்குப் பார்த்துக்கொள்கிறோம்.'

மறுநாள் சாயங்காலம் வில்வநாதன் மரகதத்தின் வீட்டில் இருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. நடந்ததைச் சொன்னார்.

"அவங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லை, டீச்சர். அவங்களே சொல்லிட்டாங்க."

மரகதம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்ல எவ்வளவோ விளக்கு இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா எத்தனை போட்டிருக்காங்க."

மரகதம் எழுந்து போய் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தார்.

அறை இருண்டது. சுவர் தெரியவில்லை, முகம் தெரியவில்லை.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா," என்று இருட்டில் வில்வநாதன் தொடர்ந்தார், "பீடம் இல்லாம மாநகராட்சி ஒத்துக்காது. அப்புறம் அந்த இடம் காருக்குப் போயிடும். அதை நினைச்சுப் பாருங்க. யாருக்குமே இல்லாம போயிடும்."

விளக்கு எரிந்தது. மரகதத்தின் கை இன்னும் சுவிட்சில் இருந்தது.

"இருட்டிலயும் நீங்க பேச்சை நிறுத்தலையே," என்றார்.

வில்வநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார்.

அப்படியே எழுந்து, நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டாவது வரைபடத்தை அவர் மைதானத்தில், முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு வரைந்தார். ஜனங்கள் காலால் அழித்த குறுக்குப் பாதை அப்படியே பாதையானது. பாதையோரம் பூவரச மரங்கள். எதிரெதிரே உட்காரும்படி பெஞ்சுகள். கம்பத்தைச் சுற்றி அவர் எதையும் போடவில்லை.

இருபதாம் நாள் மாநகராட்சித் தலைமைப் பொறியாளர் எபநேசர் அதைப் பார்த்தார்.

"மரம், பாதை எல்லாம் சரி. ரயில்ல இருந்து இறங்கினா முதல்ல கண்ணுல படறது எதுங்க?"

"சாயங்காலம் வாங்க, காட்டறேன்."

"இன்னிக்குக் கடைசி நாள். கார் ஒப்பந்தக் கடிதம் என் மேஜையில இருக்கு."

"தெரியும் சார். இன்னிக்கே வாங்க."

எபநேசர் வந்தார். ரயில் நிலையப் படியில் இருவரும் நின்றார்கள். ஆறரை மணி வண்டி வந்தது. இறங்கியவர்கள் படிக்கு வந்ததும் ஒரு நொடி தயங்கி, தூரத்தில் எதையோ பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். எபநேசரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

இருண்ட மைதானத்தின் நடுவே ஒரு வெளிச்சம். வெளிச்சத்தில் கைகள். இத்தனை தூரத்திலிருந்து உடம்புகள் தெரியவில்லை, கைகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன.

"யாருங்க அவங்க? என்ன செய்யறாங்க?"

"பேசிக்கிட்டிருக்காங்க."

எபநேசர் வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்குப் போக வேண்டியவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வரைபடத்தை மடியில் விரித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வில்வநாதன் தாளைச் சுருட்டிக்கொண்டு விளக்கை நோக்கி நடந்தார்.

சற்குணம் அவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது. நோட்டை எடுத்து எழுதினாள்.

'குதிரைகள் எப்போது வரும்? அதற்கு முன்னால் நாங்கள் கிளம்பிவிடுகிறோம்.'

வில்வநாதன் பென்சிலை வாங்கினார். சுற்றிலும் இரண்டு ஏக்கர் வெறும் மண் கிடந்தது.

அவர் எழுதினார்.

'வரவில்லை. அவற்றுக்கு இங்கே இடம் இல்லை.'