விளம்பியவர்

வேலப்பன் சீடராக வந்தபோது அவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

குருவின் பெயர் லலிதாம்பிகை. சிறுநீரக மருத்துவராக இருந்தவர். ஒரு மாலை மருத்துவமனையை விட்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. நாகர்கோவிலுக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, தேடி வருபவர்களுக்குப் பதில் சொன்னார். ஊர் அந்த வீட்டை மடம் என்றது.

"மடம்னா அறியாமைன்னும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருள்ல சொல்றீங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பார் அவர்.

குருவே என்று அழைத்தால் பதில் வராது. டாக்டரம்மா என்றால் வரும்.

வேலப்பனின் மனைவி கோமதி அவருடைய நோயாளி. ஆண்டுக்கணக்காக டயாலிசிஸ் படுக்கையில் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். காரியங்கள் முடிந்ததும் வேலப்பன் மடத்துக்கு வந்தார்.

"எனக்கு ஏதாவது வேலை குடுங்க, டாக்டரம்மா."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"கம்ப்யூட்டர் தெரியும். அவ எதுக்கெல்லாம் பயந்தான்னு தெரியும்."

"ரெண்டாவதுதான் வேணும். முதல்ல சொன்னதை வச்சு அதை எழுதுங்க."

இணையதளம் பிறந்தது அப்படித்தான். நோயாளிகள் கேட்டார்கள். டாக்டரம்மா பதில் சொன்னார். வேலப்பன் அதைத் தளத்தில் ஏற்றினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே வரி இருந்தது: யார் சொன்னாலும் டயாலிசிஸை நிறுத்தாதீர்கள், முதலில் எங்களைக் கேளுங்கள். அந்த வரியை நம்பி உயிரோடு இருந்தவர்கள் உண்டு. வேலப்பனுக்கோ, மிச்சம் இருந்த வாழ்க்கையே அந்தத் தளம்தான்.

நாளடைவில் தளத்தின் செலவு கூடியது. விளம்பரம் போடலாமா என்று அவர் கேட்டபோது, டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்காமல், "உங்க பொறுப்பு" என்று சொல்லியிருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் வேலப்பன் மடிக்கணினியுடன் எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் தொலைபேசியில் யாருடனோ பேசி முடித்திருந்த டாக்டரம்மா, கருவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சில மாசமா தளத்துல ஓடவிட்டு வெள்ளோட்டம் பாத்தாச்சு. இனி எந்த வகை விளம்பரத்தை நிலையா வைக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"எத்தனை வகை இருக்கு, அண்ணாச்சி?"

அவர் வேலப்பனை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். சீடர் வயதில் மூத்தவர். ஞானத்தால் அதை மாற்ற முடியாது.

"பக்கத்துக்கு உச்சியில பட்டையா கெடக்கும், பேனர். அது ஒண்ணு."

"கடைக்கு மேல போர்டு மாதிரி."

"அதேதான். ஒருத்தரும் நிமிந்து பாக்க மாட்டாங்க. அடுத்தது, படிச்சிட்டு இருக்கும்போதே குறுக்க வந்து விழும். பாப்-அப்."

"பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் பெட்டியைப் பிடுங்குற லாட்ஜ்காரன்."

வேலப்பன் சிரிக்கவில்லை. "அது வேண்டாம். கோமதிக்கு ஒரு கையில குழாய் மாட்டியிருக்கும். மத்த கையில போனைப் பிடிச்சிருப்பா. அது வந்து விழுந்தா மூடுறதுக்கு விரல் மிச்சம் இருக்காது. மூலையில உள்ள பெருக்கல் குறி எள்ளு அளவு. நான் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும், படிச்சிட்டிருந்ததை விட்டுட்டு ஒரு பற்பசையையே பாத்துட்டுப் படுத்திருப்பா."

வேலப்பன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"தானா ஓடுற வீடியோவும் வேண்டாம். சத்தம் கேட்டு வார்டே திரும்பிப் பாக்கும். அவளுக்கு வெக்கமாப் போயிரும். அதனால நான் வச்சிருக்கிறது வேற வகை. கட்டுரையோட கட்டுரையா இருக்கும். அதே எழுத்து, அதே அளவு, அதே நிறம். உங்க பதில் முடியுற இடத்துல பேசாம உக்காந்திருக்கும். படிக்கிறவங்களுக்கு ஒரு தொந்தரவு கிடையாது."

"அது விளம்பரம்னு தெரியுமா?"

"மேல எழுதியிருக்கேன். கண்ணைக் குத்தாம, வெளிறின சாம்பல் நிறத்துல."

"யாருக்கு எதைக் காட்டுறதுன்னு யார் முடிவு பண்றா?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் இதுல விசேஷம்." வேலப்பன் உற்சாகமாகிவிட்டார். "படிக்கிறவர் எதைத் தேடினாரு, எதுக்குப் பயப்படுறாருன்னு எல்லாம் அந்தக் கம்பெனி இயந்திரத்துக்குத் தெரியும். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஏலம் விட்டு, அவருக்குப் பொருத்தமானதைக் கொண்டாந்து வச்சிரும். நான் கையே வைக்கிறதில்லை."

"பாக்கிறதும் இல்லை."

"எனக்கு வர்றதைப் பாப்பேன். மூட்டுவலித் தைலம் வரும், காசி யாத்திரை வரும். இன்னொருத்தர் போன்ல என்ன வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சரி, சொல்லுங்க. எந்த வகையை வைக்க?"

"முதல்ல எல்லாத்தையும் எடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இப்பவே. நான் பாக்கும்போதே."

வேலப்பனின் முகம் சுருங்கியது. ஆனாலும் எடுத்தார். டாக்டரம்மா தன் கருவியில் பக்கத்தைத் திறந்து, கீழ்க்கோடி வரை தள்ளிப் பார்த்த பிறகுதான் தலையை அசைத்தார்.

"நாளைக்கு ஒரு அடியந்திரம் இருக்கு. வெளம்ப ஆள் போதாதாம். வர்றீங்களா?"

இறந்தவருக்காக ஊரைக் கூட்டிப் போடும் சாப்பாட்டை அந்தப் பக்கத்தில் அடியந்திரம் என்பார்கள். பரிமாறுவதற்கு அங்கே விளம்புதல் என்று பெயர். வேலப்பன் விளம்பினால் பந்தியில் கடைசி இலைவரை ஒரே அளவு விழும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"வர்றேன். நான் கேட்டதுக்குப் பதில்?"

"சாப்பாடு முடியட்டும்."

மறுநாள், பந்தலின் தகரத்தில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு நாற்காலியில் இறந்தவரின் படம் மாலையோடு இருந்தது. நடுவயது. கண்ணுக்குக் கீழே முகம் சற்று ஊதியிருந்தது. அந்த ஊதலை வேலப்பன் தன் வீட்டில் பார்த்திருக்கிறார்.

"யாரு, டாக்டரம்மா?"

"தாணுலிங்கம். மின்வாரியத்துல இருந்தவர்."

"நம்மகிட்ட வந்தவரா?"

"நம்மளைப் படிச்சவர்."

டாக்டரம்மா பந்தியில் போய் உட்கார்ந்தார். வேலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருப்பு வாளியைத் தூக்கினார். ஒவ்வோர் இலைக்கும் குனிந்தார். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

"ஓய் வேலப்பன், பப்படம் ஒடஞ்சு கெடக்கு. முழுசா ஒண்ணு போடும்" என்றார் வரிசையில் ஒரு பெரியவர்.

"வாயில பல்லு ஒண்ணையும் காணல. முழுசு எதுக்கு ஓய்?"

"நொறுங்குற சத்தம் கேக்கணும்லா. செத்தவன் வீட்டுல வேற என்ன சந்தோஷம் இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாம் பந்திக்கு அவியல் வாளி அவர் கைக்கு வந்தது. முதல் இலைக்குக் குனிந்தவர் அப்படியே நின்றார். வாளியை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு ஒரு கரண்டிகூட இடாமல் அடுப்படிக்குத் திரும்பி நடந்தார்.

சமையல்காரர் செண்பகராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னவோய், போன வேகத்துல திரும்பிட்டீரு?"

"அவியல் ஊசிட்டு."

"லேசாப் புளிக்கும். தயிர் ஊத்தின அவியல் புளிக்காம பின்ன இனிக்குமா? பந்தியில எல்லாவனும் பசியில இருக்கான். ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். கொண்டுபோய் ஊத்தும்."

"மாட்டேன்."

"வச்சது நானில்லா? குத்தம் வந்தா என்னையில்லா ஏசுவான்? உமக்கு என்ன நோவுது?"

"வச்சது நீரு. வெளம்புறது நானில்லா?"

வாளியைத் தரையில் வைத்துவிட்டு வேலப்பன் எரிசேரிக் கூட்டு இருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனார். செண்பகராமன் பின்னால் ஏசிய ஏச்சு பந்தல்வரை கேட்டது. அந்தப் பந்தியின் இலைகளில் அவியல் விழ வேண்டிய இடம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

கூட்டம் கலைந்தபின் வேலப்பன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. தாணுலிங்கத்தின் மனைவி ரெத்தினாவதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை.

"அந்தப் பக்கத்தை நடத்துறது நீங்கதான்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமா அம்மா." பாராட்டுக்குத் தலை குனியும் பழக்கத்தில் வேலப்பன் குனிந்தார்.

ரெத்தினாவதி தன் போனை நீட்டினார். பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தார். மேலே டாக்டரம்மாவின் பதில். அது முடியும் இடத்தில், அதே எழுத்தில், அதே அளவில், அதே நிறத்தில் இன்னொரு பத்தி இருந்தது: இனி டயாலிசிஸ் தேவையில்லை, வேர்ப்பொடியால் சிறுநீரகம் மீண்டும் உயிர் பெறும்.

"அவருக்கு ஊசி குத்திக் குத்திக் கையே மரத்துப்போச்சு. போதும் போதும்னுதான் சொல்லிட்டிருப்பாரு. எத்தனையோ பேரு எத்தனையோ பொடி கொண்டாந்தாங்க. ஒண்ணையும் நான் வீட்டுக்குள்ள விடல. யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்க, எங்களைக் கேளுங்கன்னு நீங்க எழுதியிருந்தீங்க. உங்களைத்தான் கேட்டேன். நீங்க சொன்னதுக்குக் கீழயே இது இருந்துது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னு அவர்கிட்ட காட்டினேன். அவர் சிரிச்சு ரொம்ப நாளாயிருந்துது. அன்னைக்குச் சிரிச்சாரு."

வேலப்பனின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, அது விளம்பரம். நாங்க சொன்னது இல்லை. மேல எழுதியிருக்கு. பாருங்க, இந்தா."

ரெத்தினாவதி போனை வெயிலிலிருந்து திருப்பி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"ஆமா, இருக்கு. நீங்க விரல் வச்சுக் காட்டின பொறவு தெரியுது." போனை அணைத்தார். "உங்களைக் குத்தம் சொல்ல வரல. நீங்க இன்னும் சாப்பிடலையே? பாயசம் இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

வேலப்பன் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் இருவரும் வாழைத்தோட்டங்களைக் கடந்து நடந்தார்கள். மலை தெரியத் தொடங்கியதும் வேலப்பன் பேசினார்.

"உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அவங்க கூப்பிட்டாங்க. அடியந்திரத்துக்கு அழைக்க. போனை வைக்கும்போது, அந்தப் பொடிக்காரங்க மேல உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கான்னு கேட்டாங்க."

"அந்தப் பொடியை நான் இடிக்கல, டாக்டரம்மா. நான் விக்கல. இன்னைக்கு வரைக்கும் கண்ணால பாத்ததுகூட இல்லை. கோமதி மேல சத்தியமா, படிக்கிறவங்க மேல வந்து விழக் கூடாதுன்னு மட்டுந்தான் நெனச்சேன்."

"தெரியும்."

"எங்கயோ எவனோ செஞ்சான். ஏதோ ஒரு இயந்திரம் கொண்டாந்து வச்சுது. இதுல நான் எங்க இருக்கேன்? நீங்களே சொல்லுங்க."

டாக்டரம்மா நின்றார். முதல் முறையாக அவர் முகத்தில் வயது தெரிந்தது.

"அந்தப் பக்கம் நான் போட்ட இலை. அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், ஆயுசுக்கும். உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த அவியலை வச்சது யாரு?"

"செண்பகராமன்."

"அவர் வச்ச வாளியை நீங்க எதுக்கு அண்ணாச்சி திருப்பிக் கொண்டுபோனீங்க?"