தொந்தரவே பண்ணாத பிள்ளை

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், செண்பகவல்லி டீச்சர் தியானம் சொல்லிக்கொடுத்துவந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு மாடியில் நாலு பாய் விரித்துத் தொடங்கியது. நாளடைவில் வெளியூர் ஆட்களும் வந்து தங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவள் வசுமதி. தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தாள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளைப் போல ஒரு சீடர் அமைவது அபூர்வம் என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் கேட்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். அவர் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், ஜன்னல் சாத்தப்படும். வாசலில் பேசிக்கொண்டிருப்பவர்கள் தெருவுக்கு அனுப்பப்படுவார்கள்.

டீச்சர் ஒருநாளும் அதைப் பாராட்டியதில்லை.

ஒரு காலையில், வந்திருந்த பெரியவர் ஒருவர் டீச்சரிடம் ஏதோ கேட்டார். டீச்சர் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் ஆனது. வசுமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. டீச்சருக்கு ராத்திரி தூக்கமில்ல. அதான்" என்றாள்.

பெரியவர் எழுந்து போன பிறகு டீச்சர் கேட்டார்.

"நான் நல்லாத்தான தூங்கினேன்?"

"ஆமா டீச்சர்."

"யோசிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள எனக்காக நீ ஏன் சமாதானம் சொன்ன?"

"பழக்கம்."

"யாருக்காகச் சொல்லிப் பழகுன?"

"எங்கம்மாவுக்காக."

வசுமதி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கல்யாண வீட்டுல மேளம் தொடங்கினா அம்மா காதைப் பொத்திக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிருவாங்க. வீட்டுக்கு யாராவது வந்தா, வாங்கன்னு சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்வேன். அம்மாவுக்குத் தலைவலி, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு. அஞ்சாறு வயசுலேருந்து இதுதான். அவங்க விரல் நடுங்குதா, மூச்சு வேகமா போகுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நடுங்கினா வீட்டுல சத்தம் இருக்கக் கூடாது."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன வருஷம் தம்பி மகனுக்கு ஆட்டிசம்னு சொன்னாங்க. டாக்டரம்மா அவனைப் பத்திக் கேட்டதெல்லாம் அம்மாவுக்கும் பொருந்துச்சு. அவங்களையும் பாத்தாங்க. அம்மாவுக்கும் அதுதானாம். இத்தனை காலம் யாருக்கும் தெரியல. தம்பிக்கு நிம்மதியாப் போச்சு. 'அம்மா மேல தப்பில்லக்கா, விடு'ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"தப்பில்லதான். எனக்குத் தெரியாதா? அதுதான் டீச்சர் கஷ்டமா இருக்கு. முன்னாடி கோவப்படவாவது ஒரு ஆள் இருந்தாங்க." அவள் நிமிர்ந்தாள். "யார் மேலயும் தப்பில்லன்னா, எனக்கு ஏன் இன்னும் வலிக்குது?"

டீச்சர் எழுந்தார்.

"அம்மா எந்த ஊர்ல இருக்காங்க?"

"அம்பாசமுத்திரம். தம்பி வீட்டுல."

"சேலை மாத்திட்டு வா. போய்ட்டு வரலாம்."

தம்பியும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் வசுமதியின் அம்மா உலகம்மாள் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து மேல்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். டீச்சரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"வசுமதியோட டீச்சர்."

"அவ படிச்சு முடிச்சு ரொம்ப வருஷமாச்சே."

"அம்மா, அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று வசுமதி தொடங்கினாள்.

டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆமாம்மா, பள்ளிக்கூடப் படிப்பு முடிஞ்சுபோச்சு. இப்ப எங்கிட்ட தியானம் படிக்கிறா."

"சரி" என்றாள் உலகம்மாள். "அந்தப் பல்லியப் பாருங்க. அது அசையாம இருக்குன்னு நெனப்பீங்க. தொண்டையப் பாருங்க. அசையுது."

டீச்சர் எழுந்து போய் அண்ணாந்து பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

பிறகு வெகுநேரம் பல்லிப் பேச்சுதான். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லிக்கும் கடிகாரத்துக்குப் பின்னால் இருப்பதற்கும் ஆகாது. இரண்டும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று வராது. பல்லி சொல்லும் பலன் எல்லாம் சுத்தப் பொய். அது இன்னொரு பல்லியிடம் பேசுகிறது, நம்மிடம் அல்ல. டீச்சர் கேட்கக் கேட்க உலகம்மாளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வசுமதி மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அம்மாவின் விரல்களையும் டீச்சரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மாள் எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்தார். வசுமதி தன் தம்ளரைக் கையிலெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள்.

"ஏன், கசக்குதா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"காலேஜ் படிக்கும்போது ஒருநாள் சர்க்கரை வேணாம்னு சொன்னேன். அன்னையிலேருந்து அம்மா எனக்குப் போடறதே இல்ல."

"உனக்கு வேணுமா?"

"பரவால்ல டீச்சர்."

"வேணுமான்னு கேட்டேன்."

வசுமதி தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்மா, எனக்கு இப்பல்லாம் சர்க்கரை வேணும்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

"அப்படியா? எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன்."

உலகம்மாள் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தாள். ஸ்பூனில் அள்ளி, மேலே குவிந்திருந்ததை விரலால் வழித்துவிட்டு, சரியாக ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள். குறையாக அல்ல. சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்பதுபோல.

வசுமதி காபியைக் கடைசிவரை குடித்தாள்.

கிளம்பும்போது உலகம்மாள் வாசல்வரை வந்தாள். மகளைத் தொடவில்லை. டீச்சரிடம் சொன்னாள்.

"இவ ரொம்ப நல்ல பிள்ளை. சின்ன வயசுல எனக்குத் தொந்தரவே பண்ணல."

பேருந்து நிறுத்தத்தில் கல்பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தபோது வசுமதியின் கன்னம் முழுக்க ஈரம். தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

"எப்பவும் இப்படித்தான் அழுவியா?"

அவள் தலையசைத்தாள்.

"ஒருதடவை கீழ விழுந்து முழங்கால் கிழிஞ்சிருச்சு. கத்தி அழுதுக்கிட்டு அம்மாகிட்ட ஓடுனேன். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. என் சத்தம் அவங்களால தாங்க முடியல. எனக்கு அது இப்பப் புரியுது. அன்னைக்குக் கதவு திறக்கட்டும்னு வாயப் பொத்திக்கிட்டேன். அப்புறம் இப்படியே..."

"இப்ப சத்தமா அழு."

"ஆளுங்க இருக்காங்க டீச்சர்."

"இருக்கட்டும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருந்தா நானே சொல்றேன். என் முகத்தப் பாக்காத."

வசுமதி முந்தானையை வாயில் வைத்தாள். டீச்சர் அதை மெல்ல இழுத்து எடுத்தார். முதலில் இருமல் போல ஏதோ வந்தது. பிறகு அவளே பயந்துபோகும்படி, சின்னப் பிள்ளைக் குரலில், ஓவென்று வந்தது. பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். எதிர்ச் சாரியில் சைக்கிளில் போனவர் காலூன்றி நின்றார்.

தென்காசிப் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியில் நின்று குரல் கொடுத்தார்.

வசுமதி அவசரமாக முகத்தைத் துடைத்தாள். "பஸ் வந்திருச்சு டீச்சர். அடுத்தது எப்ப வருமோ. உங்களுக்கு இருட்டிரும்" என்று எழுந்தாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பஸ் போகட்டும். நீ அழு."