யெஹூதா விட்ட எழுத்து

அஸ்ருக் தன் நண்பன் யெஹூதாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவன் முகவாயில் மை ஒட்டியிருந்தது.

கத்தலான் நாட்டு மலையூர் ஒன்றில் யூதர் தெரு. அங்கே மதகுருவான ரப்பி ஷெயல்தியேல் தன் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து இறைவனின் பெயர்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதை அவருடைய சீடன் அஸ்ருக் தோல் ஏடுகளில் படியெடுத்தான். கடைசி ஏடு மட்டும் பாக்கி. அப்போதுதான் ரப்பியின் ஒரே மகன் யெஹூதா உள்ளே வந்தான். கோவேறு கழுதை வாங்கி விற்பவன். முப்பது தாண்டியும் எழுதுகோலைத் தொடாதவன்.

"தள்ளுடா. இதை நான் எழுதுறேன்."

"உன் கையெழுத்தைப் பார்த்தா உன் கழுதையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கீழே என் பெயரைப் போட்டுடறேன். முழுசும் நான்தான் எழுதினேன்னு அப்பா ஒரு நாளாவது சந்தோஷப்படட்டும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். பெயரைப் போட்டதும் எழுந்து, குளிக்க ஆற்றுக்குப் போனான். மேலே மலையில் மழை கொட்டியது அவனுக்குத் தெரியாது. வெள்ளம் அடித்துப்போன உடலை மாவு ஆலைக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

துக்கம் காத்து முடிந்தபின் அஸ்ருக் அந்த ஏட்டைப் பிரித்தான்.

எபிரேயத்தில் யெஹூதா என்று எழுத ஐந்து எழுத்துகள் வேண்டும். நான்காவது தாலெத். அவசரத்தில் யெஹூதா அதை விட்டிருந்தான். அது இல்லையென்றால் மிஞ்சுவது மனிதன் பெயர் அல்ல. யூதர்கள் வாய்விட்டுச் சொல்லாத இறைவனின் பெயர். அந்தப் பெயரைச் சுரண்டக் கூடாது. ஏட்டை எரிக்கக் கூடாது. பிழையாக அது ஏறிவிட்ட ஏட்டை மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

அஸ்ருக் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு ரப்பியிடம் போனான்.

"அவன் நினைச்சது தன் பெயரைத்தான், ரப்பி. நான் பக்கத்துல இருந்தேன், சாட்சி சொல்றேன். அறியாம எழுதினா அது புனிதப் பெயர் ஆகாது. நடுவுல ஒரு தாலெத் போட்டுட்டா ஏடு நம்மகிட்டயே இருக்கும். சட்டத்துல இடம் இருக்கு."

"இருக்கு."

"அவன் எழுதினதுன்னு உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்."

ரப்பி ஏட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கோணல் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"'சமாதானம்'ங்கிறதைக்கூடத் தப்பா எழுதியிருக்கான்."

"ஆமா, ரப்பி."

"கழுதை."

ரப்பி எழுதுகோலை வாங்கி மையில் தோய்த்தார். மகன் பெயருக்கு மேலே பிடித்தார். முனையில் மை காய்ந்தது. ரப்பி எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"தாலெத்னா என்ன அர்த்தம்?"

"கதவு."

"பிள்ளை கதவைத் திறந்து வச்சுட்டுப் போயிருக்கான். நான் போய்ச் சாத்தவா?"



ஏட்டை யெஹூதாவின் தலைமாட்டில் புதைத்தார்கள். அந்த வரிகளை அஸ்ருக் வேறு ஏட்டில் எழுதி நூலோடு சேர்த்தான். எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் அவன் எதுவும் எழுதவில்லை.