கெளுத்தித் தோல் போட்ட இரும்புக் கை

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சாம். ஆளு இல்ல கண்ணு, கை மட்டும். பயந்துக்காத, பேய்க்கை இல்ல, மோட்டாரு வச்ச இரும்புக் கை. அதைச் செஞ்சவ பேரு தமயந்தி. ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

தமயந்தியோட அம்மா பாவாயிக்குச் சாயப்பட்டறையில வேலை. அங்க வரிசையா நீல டிரம்மு நிக்கும். ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல ஆசிட்டு, ஒண்ணுல காரம். பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒட்டுன சீட்டு எப்பவோ நனைஞ்சு உதுந்திருக்கும். அப்போ எது எதுன்னு எப்படித் தெரியும்? பாவாயி விரலை விட்டுப் பாப்பா. எரிஞ்சா ஆசிட்டு, வழவழன்னா காரம், சும்மா இருந்தா தண்ணி. இருபது வருஷமா இதே பொழப்பு! சொல்லும்போதே எனக்குக் கோவம் வருது.

பெத்த பொண்ணுக்கு வராதா? "இனிமே எங்கம்மா விரலு டிரம்முக்குள்ள போகக் கூடாது"ன்னு தமயந்தி ஒத்தக் கால்ல நின்னா. மொதல்ல ஒரு இரும்புக் கை செஞ்சு, அதுக்கு ரப்பர் தோல் போட்டா. தண்ணியில விட்டாலும் கம்முனு இருந்துச்சு, ஆசிட்டுல விட்டாலும் கம்முனு இருந்துச்சு. மரக்கட்டை! அப்புறம் கம்பி பின்னுன தோல் போட்டா. அது எது பட்டாலும் கீ கீ கீன்னு கத்துச்சு. அவ வேர்வை சொட்டுனதுக்குக்கூடக் கத்துச்சு. "விடு அம்மிணி, என் விரலே போதும்"னா பாவாயி. இவ விடுவாளா?

"ம்ஹும்."

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, குழம்புக்கு வாங்குன கெளுத்தி மீனு அண்டாவுல உசுரோட கிடந்துச்சு. பாவாயி புளி கரைக்கிறப்போ அதோட வால்கிட்ட ஒரு சொட்டு விழுந்துச்சு. மீனு படார்னு திரும்புச்சு! வாயி அந்தக் கோடியில இருக்கு, வாலுக்கு எப்படிப் புளிப்பு தெரிஞ்சுது? தமயந்தி தேடித் தேடிப் படிச்சா. கெளுத்திக்கு உடம்பெல்லாம் நாக்காம் கண்ணு! அன்னிக்கு வீட்டுல வெறும் ரசம். மீனு பொழைச்சுது.

அப்புறம் மூணு மாசம் உக்காந்து மூணாவது தோல் செஞ்சா. கெளுத்தித் தோல் மாதிரியே வழுவழுன்னு, மேல பொடிப்பொடியா புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி நாக்கு. தண்ணின்னா பச்சை விளக்கு, காரம்னா மஞ்சள், ஆசிட்டுன்னா சிவப்பு.

அதைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா. "மூணு டிரம்மு. உங்கம்மா விரலு சரி பாக்கும். ஒண்ணு தப்புனாலும் மூட்டை கட்டிரோணும்"னாரு முதலாளி. இன்னிக்கு ஒரு நாள்தானேன்னு தமயந்தி பல்லைக் கடிச்சுக்கிட்டா.

மொத டிரம்மு. டொய்ங், மஞ்சள். பாவாயி விரலைத் தேச்சுப் பாத்து, "காரமுங்க"ன்னா. ரெண்டாவது. டொய்ங், பச்சை. "தண்ணிங்க"ன்னா. மூணாவது. கீ கீ கீ, சிவப்பு! பாவாயி விரலை விட்டா. நின்னா. மகளைப் பாத்தா. "தண்ணிங்க"ன்னா, மெதுவா.

"இருபது வருஷ விரலு பொய் சொல்லுமா? எடுத்துட்டுக் கிளம்பு"ன்னாரு முதலாளி.

தமயந்தி நகரல. "என் கை தப்பு பண்ணாதுங்க"ன்னு, பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி சோடா உப்பை அள்ளி டிரம்முல போட்டா. புஸ்ஸ்ஸ்ஸ்! நுரை பொங்கிப் பொங்கி வழிஞ்சுது. தண்ணியா இருந்தா இப்படிப் பொங்காது, ஆசிட்டேதான்!

இரும்புக் கை ஜெயிச்சிருச்சு. ஆனா தமயந்தி சிரிக்கல கண்ணு. அம்மாவைக் குழாய்க்கு இழுத்துட்டு ஓடி, சளசளன்னு தண்ணிய விட்டா. "எரியலையாம்மா?"

"இல்லையே அம்மிணி. கொஞ்ச நாளா விரலுக்கு எரிச்சலு, சூடு எதுவுமே தெரியறதில்ல. வழவழப்பு மட்டுந்தான் தெரியுது."

முதலாளி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னிலேருந்து அந்தப் பட்டறையில ஒருத்தரும் விரலை விடல. இரும்புக் கைதான் விட்டுச்சு, பாவாயி பக்கத்துல நின்னு அதுக்குப் பொத்தான் அமுக்குனா. தமயந்தி தினம் அம்மா விரலுக்கு மருந்து போட்டா. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஆறு மாசம். ஒண்ணும் தெரியல. போட்டுக்கிட்டே இருந்தா. தூங்கிட்டியா?

"...ம்."

அப்புறம் ஒரு நாள் காலையில பாவாயி காப்பி டம்ளரை எடுத்தா. "ஆ! சுடுது அம்மிணி! சுடுது!"ன்னு கத்துனா. தமயந்தி ஓடி வந்து அழுதுக்கிட்டே சிரிச்சா. "கீழ வையிம்மா, கை வெந்துரும்"னா. பாவாயி வைக்கவே மாட்டேன்னுட்டாளாம்.

கதை காப்பி குடிக்கப் போயிருச்சு, நீ கண்ணை மூடு.