மிளகாய்ப் பூ தலை குனிந்த கதை

அந்தக் காலத்தில் மிளகாய் இனித்தது. செடியும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது.

ஓடைக்கரையில் மிளகாய்ச் செடி ஒன்று நின்றது. அதன் இனத்தில் எஞ்சியது அது ஒன்றுதான். பக்கத்தில் குடிசை போட்டிருந்த மாயாண்டியின் பிள்ளைகள், பழம் சிவந்ததும் பறித்து, விதையோடு நறநறவென்று மென்றுவிடுவார்கள். மென்ற விதை எப்படி முளைக்கும்?

"ஒரே ஒரு பழத்தையாவது விட்டு வைங்க கண்ணுகளா," என்று செடி கெஞ்சும்.

"நாளைக்கு விடுறோம்," என்பாள் மூத்தவள் வெள்ளையம்மா, வாய் நிறைய மென்றபடி. மறுநாளும் அதையேதான் சொல்வாள்.

செடிக்கு வயதாகிவிட்டது. வரும் கோடையைத் தாண்டமாட்டோம் என்று அதற்கே தெரியும். அதற்குள் ஒரு விதையாவது மண்ணில் விழாவிட்டால், உலகத்தில் மிளகாய் என்ற பேரே இருக்காது.

ஒருநாள் சின்னான் குருவி கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, அந்த வீட்டு அடுப்பிலேருந்து எனக்குக் கொஞ்சம் நெருப்பு கொண்டு வர்றியா?" என்று கேட்டது செடி.

"நெருப்பா? நீ என்ன சோறா ஆக்கப்போறே?"

"என் பழத்துக்குள்ள ஒளிச்சு வைக்கப்போறேன்."

"நல்லா இருக்கே! அப்புறம் நான் எதைத் தின்கிறது?"

"நீ கடிச்சா தின்கிறே? அப்படியே முழுங்குறே. உனக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப மட்டும் உனக்கு ஒரு பழம் மிஞ்சுதா, சொல்லு?"

சின்னான் யோசித்தது. பிறகு பறந்துபோய், தேங்காய் நாரில் பொறி ஒன்றை ஏந்தி வந்து வேரடியில் போட்டது. செடி அந்தச் சூட்டை உறிஞ்சி, பழங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தது.

மறுநாள் காலை பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓடையே கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கக் குடிக்க எரிச்சல் கூடியது. மாயாண்டி மண்வெட்டியோடு வந்தார். நெடுநாள் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்தவர் அவர். நாக்கு செத்துப்போய், எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவார். உடம்பில் எலும்புதான் மிச்சம்.

"பச்சைப்புள்ளைங்க வாயைச் சுட்டுட்டியே! உன்னை வேரோட தோண்டாம விடமாட்டேன்," என்றார்.

மண்வெட்டியை ஓங்கியவர், சற்றே நிறுத்தினார். அப்படி என்னதான் இருக்கிறது இதற்குள்? ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார்.

கண் கலங்கியது. மூக்கு ஒழுகியது. உச்சந்தலை வேர்த்தது.

"சீரங்கி! அந்தக் கஞ்சியைக் கொண்டா!" என்று கத்தினார்.

மனைவி சட்டியோடு ஓடி வந்தாள். மாயாண்டி ஒரு வாய் கஞ்சி குடித்தார். ஒரு கடி மிளகாய் கடித்தார். மறுபடியும் கஞ்சி.

"கஞ்சியில உப்பு இருக்கே!" என்றார் அதிசயமாக.

"தினமும்தான் போடுறேன்," என்றாள் சீரங்கி. மிளகாய் கடிக்காமலேயே அவள் கண்ணும் கலங்கியது.

"அப்பா அழுதுகிட்டே தின்கிறாரு," என்று கடைக்குட்டி வாயைப் பிளந்தான்.

சட்டி காலியானதும் மாயாண்டி மண்வெட்டியை எடுத்தார். செடி இலைகளைச் சுருட்டிக்கொண்டது. அவரோ வேரைத் தொடாமல் சுற்றிலும் பாத்தி கட்டி, ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். மிச்சப் பழத்தின் விதைகளை ஈரத்தில் ஊன்றினார்.

"எனக்கு நாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டே தாயி. என் புள்ளைங்களுக்கும் இந்த ருசியைக் கொடு," என்று கும்பிட்டார்.

"கட்டாயம் கொடுக்கிறேன். இப்ப வேண்டாம். இப்பக் கொடுத்தா மென்னே தீர்த்துடுவாங்க. தின்னதுல ஒண்ணை மண்ணுல போடணும்னு தோணுற வயசு வரட்டும். அதுவரைக்கும் எரியும். அப்புறம் அந்த எரிச்சலைத் தேடி அவங்களே வருவாங்க."

திரும்பக் கும்பிடச் செடிக்குக் கை ஏது? பூத்திருந்த வெள்ளைப் பூக்களையெல்லாம் அவர் காலடி மண்ணை நோக்கிக் கவிழ்த்தது.

அந்த நாளிலிருந்துதான் பிள்ளைகள் மிளகாயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். வளர்ந்த பிறகு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று கேட்கிறார்கள். மிளகாய்ப் பூவும் அன்று குனிந்த தலையை இன்னும் நிமிர்த்தவில்லை.